குட்டிம்மாவின் காதும் ஆரோக்கியம் அண்ணன் ஹாரனும்

விமானத்தில் போவதற்கு ஒரகடம் மேம்பாலத்தில் ஒத்திகை பார்த்த குடும்பம் எனக்குத் தெரிந்து எங்களுடையது ஒன்றுதான். சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

நான் சேரப்பணஞ்சேரிக்காரன். கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. என் மனைவி பவானி அதே கம்பெனியில் லைன் லீடர். கம்பெனியின் தலைமை கொரியாவில் இருக்கிறது. புது மாடலுக்குப் பயிற்சி என்று பவானியை அங்கே அனுப்பினார்கள். எங்கள் லைனிலிருந்து ஒரு பெண் அப்படிப் போவது அதுதான் முதல் தடவை. எங்கள் மகள் குட்டிம்மாவுக்கு அப்போது ஏழு மாதம். "போ, புள்ளய நான் பாத்துக்கறேன்" என்று வீராப்பாகச் சொன்னவன் நான்தான். பக்கத்து வீட்டில் இருக்கும் என் அக்கா மல்லிகாவை நம்பிச் சொன்ன வீராப்பு அது.

மூன்று மாதம் என்றார்கள். பிறகு, இன்னும் இரண்டு மாதம் இருந்துவிட்டு வரட்டும் என்றார்கள். தினமும் வீடியோ காலில் பவானி கூப்பிடுவாள். குட்டிம்மா போனை நக்கிப் பார்ப்பாள், தூக்கிப் போடுவாள், அதிலிருக்கும் முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள். ஒரு நாள் பவானி பேசாமல் போனை வைத்துவிட்டாள். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், குழந்தையை அவளிடம் கொண்டுபோய்க் காட்டிவிடுவது என்று.

அவளோ சந்தோஷப்படுவதற்கு பதில் பதறினாள்.

"வேணாங்க. எனக்கே லேசா சளி புடிச்சிக்கினு இருந்துச்சு, ப்ளைட்டு எறங்கசொல்ல காதுல கம்பி வுட்டுக் குடைஞ்சா மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு நாளு ஒண்ணும் கேக்கல. அது பச்ச புள்ள. போன மாசந்தான் காதுல சீழ் வந்து கெடந்துச்சு. வலிக்குதுன்னு அதுக்குச் சொல்லத் தெரியுமா?"

"டாக்டரு சரின்னு சொன்னா?"

"சொன்னா கூட்டிக்கினு வா. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். புள்ள காதுக்கு எதனா ஒண்ணு ஆச்சுன்னா நான் மனுசியாவே இருக்கமாட்டேன்."

படப்பையில் குட்டிம்மாவை எப்போதும் பார்க்கும் டாக்டரம்மா விளக்கடித்து இரண்டு காதையும் பார்த்தார். சீழ் வந்த காது நன்றாக ஆறிவிட்டது, தாராளமாகப் போகலாம் என்றார். எனக்கு ஒரு படமே வரைந்து காட்டினார். காதுத் திரைக்குப் பின்னாலிருந்து தொண்டைக்கு ஒரு சின்னக் குழாய் போகிறதாம். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காற்றழுத்தம் மாறுவதால் திரை இழுத்துக்கொண்டு வலிக்கும். எதையாவது விழுங்கினால் அந்தக் குழாய் திறந்து வலி விட்டுவிடும்.

"பெரியவங்க எச்சில் முழுங்கிப்போம். குழந்தைக்குப் பால்தான். ஏறும்போது குடுங்க. எறங்கும்போது கட்டாயம் குடுங்க, அப்பதான் ஜாஸ்தி வலிக்கும். மடியில நிமித்தி உக்கார வெச்சுக் குடுங்க. எறங்கறப்போ தூங்க விட்டுடாதீங்க. முன்னாடியே வயிறு முட்டக் குடுத்துட்டு அப்புறம் குடிக்கலைன்னு சொல்லாதீங்க."

அக்கா சும்மா இருக்கவில்லை. "ரெண்டு சொட்டு தேங்காண்ண காச்சி வுட்டா சரியாப் பூடுமில்ல டாக்டரம்மா?"

"எண்ணெய் கிண்ணெய் எதுவும் காதுக்குள்ள போகக்கூடாது."

வீடு வந்து சேரும் வரைக்கும் அக்கா என்னிடம் பேசவில்லை. சொன்னது டாக்டர், கோபம் என்மேல்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. குட்டிம்மா அக்கா மடியில் மல்லாந்து படுத்தால்தான் பாட்டில் குடிப்பாள். நிமிர்த்தி உட்காரவைத்தால் துப்புவாள். வண்டியில் போகும்போது பாட்டிலைக் காட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கேன்டீனில் சாப்பிடும்போது இதைச் சொல்லிப் புலம்பினேன். அதோடு அது என் கையை விட்டுப் போய்விட்டது.

எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ட்ரையல் பார்க்காமல் எதையும் ஓடவிடமாட்டார்கள். நூல் மாறினால் ட்ரையல், ஊசி மாறினால் ட்ரையல். ஒருத்தன் கல்யாணத்துக்கு மோதிரம் சரியாக ஏறுகிறதா என்று மூன்று பேர் விரலில் ட்ரையல் பார்த்த கூட்டம் இது. "மச்சான், ட்ரையல் போட்றலாம்டா" என்று ஒருவன் சொன்னான். எங்கள் கம்பெனி பஸ் ஓட்டுநர் ஆரோக்கியம் அண்ணன் வாலாஜாபாத்துக்காரர், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே இடம் சொன்னார்.

"ப்ளைட்டு இன்னா பண்ணுது? ஏறுது, எறங்குது. நம்ம பாலமும் ஏறுது, எறங்குது. வேற இன்னாடா வேணும்?"

மேம்பாலத்தில் காது அடைக்காது என்பது எங்களுக்கும் தெரியும். ட்ரையல் காதுக்கல்ல, பாட்டிலுக்கு. ஓடுகிற வண்டியில், நிமிர்ந்து உட்கார்ந்து, ஏறும்போதும் இறங்கும்போதும் குடிக்கப் பழகட்டும் என்பது திட்டம்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து பஸ் கிளம்பியது. மேம்பாலத்துக்குக் கம்பெனிப் பக்கம் இருக்கும் டீக்கடையில் அக்கா குழந்தையோடு ஷேர் ஆட்டோவில் வந்து காத்திருந்தாள். ஏற்றிக்கொண்டோம். வழக்கமாக எங்கள் பஸ் கம்பெனி கேட்டைத் தாண்டுவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே தைத்த பெண்கள், கண் தானாக மூடும். அன்றைக்கு ஒருத்திகூடத் தூங்கவில்லை. எல்லோரும் சீட்டில் திரும்பி குட்டிம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாலம் ஏறுவதற்கு முன் ஆரோக்கியம் அண்ணன் தன் காற்று ஹாரனை அடித்தார். பாம்... பாம்... பப்பாம். அந்த ஹாரன் இந்தச் சாலையில் பிரசித்தம். அதைக் கேட்டுத்தான் சேரப்பணஞ்சேரியில் பலர் செருப்பையே தேடுவார்கள். ஹாரன் அடித்ததும் பஸ் முழுக்கக் குழந்தையைப் பார்த்து "ஆ..." என்று வாயைத் திறந்தது. குட்டிம்மா பயந்துபோய் அக்காவின் புடவையில் பாலைக் கொப்பளித்தாள்.

"டேக் ஆஃப் ஃபெயிலு" என்றார் ஆரோக்கியம் அண்ணன்.

இரண்டாம் நாளும் ஃபெயில்தான். மூன்றாம் நாள் ஹாரன் கேட்டதும் சிரித்தாள், "ஆ" என்றாள், அக்கா சட்டென்று பாட்டிலை வைத்தாள். உறிஞ்ச ஆரம்பித்தாள்! பாலத்தின் உச்சியில் பஸ்ஸே கைதட்டியது. அதற்கப்புறம் ஒரு வாரம் தினமும் நடந்தது. ஏற ஒரு ஹாரன், இறங்க ஒரு ஹாரன். வேலை முடிந்து அலுத்துப்போய் வரும் அத்தனை பேரும் என் பிள்ளைக்காக வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இந்த ஜனங்களை நான் என்ன சொல்லிப் பாராட்டுவது?

பயண நாள் வந்தது. குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, தோளில் பையோடு விமானத்தில் ஏறி உட்கார்ந்தேன். விமானம் நகர்ந்ததும் பாட்டிலை நீட்டினேன். மேம்பாலப் பழக்கம். பசியில் இருந்தாளோ என்னவோ, கடகடவென்று குடித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் விமானம் ஏறவில்லை. ஒரகடம் கூட்டுரோட்டில் கன்டெய்னர் லாரிகள் நிற்குமே, அந்த மாதிரி முன்னால் வரிசையாக விமானங்கள் நின்றன. எங்கள் முறை வருவதற்குள் பாட்டில் காலி. குட்டிம்மா ஏப்பம் விட்டுத் தூங்கிப்போனாள். விமானம் அவள் தூக்கத்திலேயே ஏறியது. அழவில்லை. பார்த்தாயா, இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பண்ணிய பெரிய தப்பு அதற்குப் பிறகு. எங்கள் பாலத்தில் இறக்கம் என்பது கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதனால் தரை தெரிந்த பிறகுதான் இறக்கம் என்று என் மூளையில் பதிந்திருந்தது. விமானம் ஊர் தெரிவதற்கு வெகு முன்னாலிருந்தே இறங்க ஆரம்பித்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. டாக்டரம்மா தூங்கவிடாதே என்றது நினைவிருந்தது. இன்னும் நேரம் இருக்கிறது, கொஞ்சம் தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வீறல். தூக்கிவாரிப் போட்டது. குட்டிம்மா காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு, முகம் சிவந்து, மூச்சு விடாமல் கத்தினாள். பாட்டிலை வாயில் வைத்தேன், தட்டிவிட்டாள். தோளில் போட்டேன், எட்டி உதைத்தாள். முன் சீட்டுக்காரர் காதில் எதையோ செருகிக்கொண்டார். பின்னால் ஒரு பெண் ஆங்கிலத்தில், "பாவம், யாராவது ஏதாவது செய்யுங்களேன்" என்றார். யார் செய்வது? செய்ய வேண்டியவன் நான். சக்கரம் தரையில் பட்டு ஓடி நிற்கும் வரை அவள் கத்தினாள். நானும் அழுதேன். அதில் ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லை.

கொரியாவுக்குப் போக விமானம் மாற வேண்டிய ஊர் கோலாலம்பூர், அடுத்த விமானத்துக்கு அரைநாள் இருந்தது. நேராக விமான நிலையத்திலேயே இருந்த மருத்துவரிடம் போனேன். சீனப் பெண்மணி. பொறுமையாக இரண்டு காதையும் பார்த்தார். "திரை நன்றாக இருக்கிறது. வலித்திருக்கும், ஆனால் கேடு எதுவும் இல்லை. அடுத்த விமானத்தில் போகலாம். ஆனால் இந்தத் தடவை இறங்கும்போது கட்டாயம் விழுங்க வையுங்கள்" என்றார். அப்படியும், வேண்டாம், திரும்பிப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. திரும்பிப் போவதற்கும் விமானம்தான் ஏற வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

பாலுக்கு வெந்நீர் தேடிக்கொண்டு ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். கடையில் இருந்தவர் தமிழ்ப் பெண், அந்த ஊர்ப் பழக்கத்தில் பேச்சின் முடிவில் ஒரு 'லா' வரும்.

"பேபிக்கா அண்ணே? இருங்க, நல்லா கொதிச்ச தண்ணி தரேன். நீங்க சாப்ட்டீங்களா இல்லியா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது லா, உக்காருங்க."

தேங்காய்ப் பாலில் வேகவைத்த சோறு, மேலே பொரித்த நெத்திலி, வேர்க்கடலை, பக்கத்தில் காரமான சிவப்புச் சட்னி. நாசி லெமாக் என்றார். சட்னியைச் சம்பல் என்றார். எங்கள் கேன்டீன் தேங்காய்ச் சாதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பேசுவதே பாவம். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை அந்தப் பெண் குட்டிம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மற்ற வாடிக்கையாளர்களைக் கவனித்தார். முன்பின் தெரியாத ஊரில் ஒருத்தர் பிள்ளையை வாங்கிக்கொண்டு "சாப்பிடு" என்று சொன்னால் அதைவிட வேறென்ன வேண்டும்?

பவானிக்கு போன் பண்ணத் தைரியம் வரவில்லை. அக்காவைக் கூப்பிட்டு, போனைச் சத்தமாக வைத்து, நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"பாவி! தூங்கவுடாதன்னு அந்தம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்களேடா! நீயெல்லாம் ஒரு..."

அக்கா மேலே திட்டுவதற்குள் போனில் அந்தச் சத்தம் வந்தது. பாம்... பாம்... பப்பாம். அக்கா வீடு பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே. ஷிப்ட் முடிந்து ஆரோக்கியம் அண்ணன் பஸ் வந்து நிற்கிறது. என் மடியில் சோர்ந்து கிடந்த குட்டிம்மா சடாரென்று நிமிர்ந்தாள். போனைப் பார்த்தாள். வாயை அகலத் திறந்து "ஆ..." என்றாள்.

அட! பாட்டிலைப் பழக்கியதாக நினைத்துக்கொண்டிருந்தோமே, ஹாரனையல்லவா பழக்கியிருக்கிறோம்! ஹாரன் இல்லாமல் நீட்டிய பாட்டிலை அவள் எப்படி வாங்குவாள்? கையிலிருந்த பாட்டிலை வைத்தேன். சமர்த்தாகக் குடித்தாள்.

"அக்கா, அண்ணன்கிட்ட அந்த ஹாரன ரெக்கார்டு பண்ணி அனுப்பச் சொல்லு."

"வண்டி பூட்ச்சிடா. ஓட்டசொல்ல போன எடுக்கமாட்டாரு, அதுவும் பட்டன் போனு, அதுல எங்க ரெக்கார்டு பண்றது? நீயே அடியேன். உனுக்கு வாயி இல்ல?"

வாய் இருக்கிறது. வெட்கமும் இருக்கிறதே.

அடுத்த விமானத்தில் பக்கத்து சீட்டில் ஒரு கொரியர். நரைத்த தலை, சட்டைப் பையில் இரண்டு பேனா. உட்கார்ந்ததும் குட்டிம்மாவைப் பார்த்து, "சாப்ட்டாச்சா?" என்றார். நான் வாய் பிளந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் நாலு வருஷம் இயந்திரங்கள் பொருத்திக்கொடுத்தவராம். கோலாலம்பூரில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார். அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்றே வார்த்தைகள்: சாப்ட்டாச்சா, சீக்கிரம், பரோட்டா. மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் பேசினார். "உங்கள் ஊரில் யாரிடம் வழி கேட்டாலும் கூடவே நடந்து வந்து விட்டுவிட்டுப் போகிறார்கள். எங்கள் ஊரில் எங்களுக்கு அவ்வளவு நேரமில்லை" என்றார். நான் அவர் ஊரைப் புகழ்ந்தேன். இரண்டு பேரும் அடுத்தவன் ஊரைப் புகழ்ந்துகொண்டே போனோம்.

இந்தத் தடவை நான் முட்டாளில்லை. ஓடுபாதையில் வேகமெடுத்த பிறகுதான் பாட்டிலை எடுத்தேன். எஞ்சின் போட்ட சத்தத்தில் அவள் காதோடு மெதுவாக ஹாரன் அடித்தேன், யாருக்கும் கேட்கவில்லை. குடித்தாள். பணிப்பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பெண் மறக்காமல் வந்து பக்கத்தில் குனிந்து, "இப்போது இறங்கத் தொடங்கப்போகிறோம். குழந்தையை எழுப்புங்கள்" என்றாள். எழுப்பினேன்.

குட்டிம்மா பாட்டிலைப் பார்த்தாள். போன தடவை பட்டது நினைவில் இருந்ததோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கை காதுக்குப் போனது. உதடு பிதுங்கியது. மெதுவாக "பாம்... பாம்..." என்றேன். அவள் காதில் ஏறவில்லை. சுற்றிலும் கோட்டு போட்டவர்கள், புத்தகம் படிப்பவர்கள், நல்ல தூக்கத்தில் இருப்பவர்கள். அவள் வீறிட வாயெடுத்தாள். மானமாவது மண்ணாவது! அடிவயிற்றிலிருந்து அடித்தேன்.

"பாம்! பாம்! பப்பாம்!"

நாலைந்து வரிசை திரும்பிப் பார்த்தது. பக்கத்து சீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரகடம் பஸ்!" என்றார். ஒரகடத்தில் தங்கியிருந்த நாலு வருஷமும் காலையில் தன்னை எழுப்பியதே அந்தச் சத்தம்தானாம். சொன்னதோடு விடவில்லை. இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு அவரும் அடித்தார். உண்மையைச் சொல்கிறேன், என்னுடையதைவிட அவருடையது அசலுக்குப் பக்கத்தில் இருந்தது.

குட்டிம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆ..."

பாட்டில் உள்ளே போனது. அவள் நிறுத்தும்போதெல்லாம் மாற்றி மாற்றி ஹாரன் அடித்தோம். பாதி வழியில் எதிர்வரிசைப் பெண் ஒருத்தி, விஷயம் புரிந்து, தானும் "ஆ" காட்டினாள். பணிப்பெண் தன் இருக்கையில் பெல்ட்டோடு உட்கார்ந்தபடி அங்கிருந்தே "ஆ" என்றாள். தொண்டைக்குழி ஏறி ஏறி இறங்குவதை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு சாமியைக் கும்பிட்டேன். சக்கரம் தரையில் பட்டபோது அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கவில்லை. கொரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "சீக்கிரம், சீக்கிரம்! அம்மா காத்திருப்பாள்" என்று என்னைத் தனக்கு முன்னால் இறங்கவிட்டார்.

வெளியே கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பவானி. இளைத்திருந்தாள். கம்பெனிச் சட்டையிலேயே, கழுத்தில் அடையாள அட்டையோடு, ஷிப்டிலிருந்து நேராக வந்திருந்தாள். ஓடி வந்தாள். என்னைப் பார்க்கவேயில்லை. குழந்தையின் தலையைத் திருப்பி இந்தக் காதைப் பார்த்தாள், அந்தக் காதைப் பார்த்தாள்.

"அழுதுச்சா?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. "மொத ப்ளைட்டுல அழுதா. டாக்டரு பாத்துட்டாங்க, காதுக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டாவதுல அழவே இல்ல."

"குடு" என்று கையை நீட்டினாள். குட்டிம்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை மறைத்துக்கொண்டாள். பவானி "குட்டிம்மா" என்றாள். மறுபடி "குட்டிம்மா" என்றாள். தோளைத் தொட்டாள். பிள்ளை அழ ஆரம்பித்தாள். பவானியின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது, பிறகு தானாகக் கீழே இறங்கியது.

"கூப்புட்றது அது காதுல வுழவே இல்லியா? இல்ல, காதுலதான் எதனா ஆயிடுச்சா?" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

நான் பையிலிருந்து பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "நம்ம ஆரோக்கியம் அண்ணன் ஹாரன அடி."

"இன்னா?"

"அடி, சொல்றேன்."

குட்டிம்மா வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதம் வரை அந்த பஸ்ஸில், ஓட்டுநருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து போனவள் அவள். ஹாரனை எனக்குச் சொல்லிக்கொடுத்தாலும் சொல்லிக்கொடுப்பாள். சுற்றிலும் பெட்டிகளை உருட்டிக்கொண்டு ஜனங்கள் போய்க்கொண்டிருக்க, என் மனைவி கண்ணீரைத் துடைக்காமல் வாயைக் குவித்தாள்.

"பாம்... பாம்... பப்பாம்."

என் கழுத்திலிருந்து ஒரு தலை மெல்லத் திரும்பியது. பிள்ளை அவளை உற்றுப் பார்த்தாள். வாயை அகலமாகத் திறந்து "ஆ..." என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் நீட்டி அவள்மேல் சாய்ந்தாள்.

பவானி அவளை நெஞ்சோடு அள்ளிக்கொண்டு, விமான நிலையத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாட்டிலை வைக்கவும் மறந்துபோனாள். அழுகையும் சிரிப்புமாக என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"காது நல்லாத்தாங்க கேக்குது."